கடவுச்சொல்லில் குடியிருந்த சாமி

அண்ணி என்கிற ஒற்றைச் சொல்லால் உலகம்மாளின் விரலில் ஊசி ஏறிவிட்டது. அவள் பாட்டுக்குத் தன் தையல் கடையில் உட்கார்ந்து கல்யாண வீட்டு ஜாக்கெட் ஒன்றுக்கு ஹூக் கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து தென்காசிக் கடைவீதி கண்ணயர்ந்து கிடக்கிற நேரம். மிஷின் மேல் சாய்த்து வைத்திருந்த போன் ஒருமுறை முனகியது. ஆறு எண்கள் கொண்ட குறுஞ்செய்தி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையோடு. அடுத்த மூச்சில் மறுபடி முனகியது. இது வாட்ஸ்அப்பில், நாத்தனார் பிரமுவின் பேரில். "அண்ணி நல்லா இருக்கீங்களா? உங்க போனுக்கு என்னோட நம்பர் ஒண்ணு தவறுதலா வந்துடுச்சு. ஆறு இலக்கம். சீக்கிரம் அனுப்புங்க ப்ளீஸ்." சுருக்கென்றது. விரல் நுனியில் கடுகளவு ரத்தம். கல்யாணப் பெண்ணின் பட்டில் பட்டுவிடப் போகிறதே என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு, உப்புக் கரிக்க, அந்தச் சொல்லையே பார்த்தாள். யாருக்கு யார் அண்ணி? கல்யாணமாகி இந்த வீட்டு வாசலில் கால் வைத்த நாளிலிருந்து பிரமுவுக்கு அவள் மைனி. தலைப்பிரசவத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கத்துங்க மைனி, வெக்கப்படாதிய" என்றவள். கொழுக்கட்டைக்கு யார் உப்புப் போடுவது என்ற சண்டையில் பேச்சு முறிந்து, ஒரே அடுக்களையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நாட்களில்கூட, சுவரைப் பார்த்து, "அந்தக் கரண்டியை மைனி எடுத்துத் தரட்டும்" என்றவள். கோபத்திலும் மைனி, அழுகையிலும் மைனி. அண்ணி என்பது டிவி தொடரில் நகை நட்டோடு தூங்கி எழுந்திருக்கிறவர்கள் கூப்பிடுகிற சொல். போதாததற்கு நல்லா இருக்கீங்களாவாம், ப்ளீஸாம். பிரமுவாவது ப்ளீஸாவது. அதுவும் எழுத்தில்! எழுத்துக்கூட்டச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புகிறவள் அவள். ஏ மைனி கேக்கியளா என்று ஆரம்பித்தால் குக்கர் விசில், பால்காரர் மணி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவாள்.

இவ்வளவையும் மனசு யோசித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் அதன் வேலையைப் பார்க்கப் போயிருந்தது. அந்த ஆறு எண்களின் மேல் போய் அழுத்தி, நகலெடுக்கவா என்று போன் கேட்கிற இடம் வரைக்கும் வந்து நின்றிருந்தது. உலகம்மாளுக்குத் தன் விரலைப் பார்த்தே திக்கென்றது. யார் சொல்லி இது போயிற்று? யாரும் சொல்லவில்லை. கேட்டால் கொடுத்துப் பழகிய கை. கருவேப்பிலை கேட்டால் கருவேப்பிலை, ஒரு கரண்டி உறைமோர் கேட்டால் உறைமோர், இரவல் நகை, இரவல் பாய், அந்த வரிசையில் ஆறு எண்களும். இந்தக் குடும்பத்தில் கேட்டவுடன் கொடுக்காதவளுக்குப் பேரே வேறு. போன மாதம் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்த சைபர் போலீஸ் அம்மா, நெட்டையாக, காதில் சின்னத் தோடோடு, கல்யாண மண்டப மேடையில் நின்று, "அந்த நம்பரை நீங்க கட்டின புருஷன் கேட்டாலும் குடுக்காதீங்க. அது உங்க வீட்டுச் சாவி" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள், உலகம்மாளும்தான் சிரித்தாள், கையில் இருந்த கேசரி ஆறிக்கொண்டிருந்தது. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நாளைக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது நல்ல சொல்தான், ஆனால் அது வருவதில்லை. இந்தப் போனுக்குள் அவள் மட்டுமா இருக்கிறாள்? பெண்கள் இருக்கிறார்கள். சுரண்டை, கடையநல்லூர், அக்கரைச் சீமை துபாய் வரைக்கும் இருந்து அளவு அனுப்புகிறவர்கள். அளவு ஜாக்கெட்டைப் பொட்டலம் கட்டி அனுப்பச் சோம்பல்பட்டு, கண்ணாடி முன்னால் முந்தானையை இறக்கிவிட்டு, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று படம் பிடித்து, "இந்த எடத்துல சுருக்கம் விழுதுக்கா" என்று அனுப்புகிறவர்கள். முகத்தை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் பாதி, அதுகூடத் தோன்றாமல் அனுப்புகிறவர்கள் மீதி. இந்தப் போன் ஒருவன் கைக்குப் போனால் அவள் கடை போவது இருக்கட்டும், இத்தனை பேர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வாய் காய்ந்தது. உலகம்மாளுக்குப் பயம் வந்தால் வாய்தான் காயும், கை நடுங்காது. கை நடுங்குகிறவள் இந்தத் தொழிலுக்கு வர முடியாது. கட்டைவிரலை மெதுவாக, சூடான தோசைக்கல்லிலிருந்து எடுப்பதுபோல் எடுத்தாள்.

வாட்ஸ்அப்பில் கூப்பிடக் கூடாது, அங்கே எடுக்கிறவன் அவள் பேரில் எழுதுகிறவனாக இருப்பான். சாதாரணமாகவே பிரமுவின் நம்பரை அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒருவேளை பிரமுதானோ? பேரப்பிள்ளைகள் பழக்கத்தில் அண்ணி என்று திருந்திவிட்டாளோ? கோவில்பட்டியில் இருந்து இருந்து நாகரிகம் வந்துவிட்டதோ? ஐயோ, அவசரத்துக்குக் கேட்டிருக்கிறாள், மைனி ஒரு நம்பரைக் கொடுக்க யோசித்தாளே என்று நாளைக்கு ஒரு பேச்சு வருமே என்று மனசு வேண்டாத சந்தில் எல்லாம் நுழைந்து வந்தது. எதிர்முனையில் எடுத்த சத்தம் கேட்டது, கூடவே குக்கர் சத்தமும். "ஏ மைனி!" என்றாள் பிரமு, "நானே கூப்பிடணும்னு இருந்தேன். என் வாட்ஸ்அப்பு காலையில இருந்து தொறக்கவே மாட்டேங்கு." மைனி என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் உலகம்மாளுக்கு அப்படியொரு நிம்மதி, தான் சரியாகத்தான் இருந்தோம் என்கிற நிம்மதி. "ஏ பிரமு, நீ எங்கிட்ட நம்பர் ஏதும் கேட்டியா?" "என்ன நம்பரு? நான் இப்பந்தான் குளிச்சிட்டு வாறேன்." "உன் பேர்ல ஒருத்தன் என்னை அண்ணிங்கான்." பிரமு, "அண்ணியா!" என்று வாய்விட்டுச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. நேற்று ஒரு லிங்க் வந்ததாம். பட்டுச்சேலை பரிசாம். நிறம்கூடத் தேர்ந்தெடுக்கச் சொன்னானாம், மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்று அழுத்தினாளாம். பேர் கேட்டான், ஊர் கேட்டான், மெயில் கேட்டான், கடவுச்சொல் கேட்டான், கடைசியில் போனுக்கு வந்த ஆறு எண்களைக் கேட்டான். எல்லாம் கொடுத்தாளாம். "அவன் கேக்க கேக்க குடுத்துட்டே போனேன் மைனி. கோவப்படாதிய." உலகம்மாள் கோபப்படவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்றால் தானும் ஒரு கணம் தடுமாறியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். "அழாத. சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, என் பேர்ல எது வந்தாலும் நான் இல்லைன்னு சொல்லு. பெறவு உன் போன்ல வாட்ஸ்அப்பைத் திரும்பப் பதிவு பண்ணு, வாற நம்பரை நீயே போடு, அவன் வெளிய போயிருவான். நான் ராத்திரி வரை முழிச்சிருக்கேன், தெரியலைன்னா கூப்பிடு. ஆமா, என்ன கடவுச்சொல் குடுத்த?" "வேற என்ன மைனி? நம்ம சாமி பேருதான்."

நம்ம சாமி பேருதான். கடை ஃபேன் தலைக்கு மேல் கிறீச் கிறீச்சென்று அதையே சொல்லிச் சுற்றியது. எல்லாம் சங்கரலிங்கம் செய்த வேலை. அவள் புருஷன், பஸ் டிரைவர், நெற்றியில் திருநீறு காயாத மனுஷன். முதன்முதலாக இந்தப் போன் வாங்கி வந்து, பிரிக்கும்போதே சூடம் காட்டி, திரையில் தமிழ் வரும்படி வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடவுச்சொல்லை உள்ளிடவும். "பாத்தியாட்டி," என்றார் முகமெல்லாம் மலர்ந்து, "கம்பெனிக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, கடவுள் சொல்லைப் போட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கணும்னு." கடவு வேறு, கடவுள் வேறு என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. கடவுள் சொல் என்றால் குலசாமி பேரைத் தவிர வேறு எதைப் போடுவது? மடைகாத்தான் சாஸ்தா. குளத்து மடைக்குக் காவலாக நிற்கிற சாமி. மடைகாத்தான் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார், எண்ணும் வேண்டும் என்று போன் அடம்பிடித்தது, பிள்ளையார் சுழிக்குப் பதிலாக ஒன்று என்று போட்டார். அத்தோடு விட்டாரா? தம்பி வீட்டுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, தங்கை பிரமு வீட்டுக்கு என்று போய்ப் போய், கடவுள் சொல்லைப் போட்டுக்கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தார். இப்போது அவர்கள் வகையறாவில் பேரன் பேத்தி வரைக்கும் அதே சொல், அதே ஒன்று. ரயில் டிக்கெட்டுக்கு மடைகாத்தான், கரண்ட் பில்லுக்கு மடைகாத்தான், பேங்குக்கு மடைகாத்தான். பங்குனி உத்திரத்துக்கு மொத்தப் பேரும் சாஸ்தா கோயிலில் கூடி, பனைமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, மைக் செட்டில், மடைகாத்தானுக்கு அரோகரா என்று மூன்று நாளும் கூவினார்கள். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு எங்கள் குலசாமி மடைகாத்தான் துணை என்று எழுதினார்கள். பூட்டுச் சாவியை மைக் வைத்து ஊருக்கு அறிவித்த கூட்டம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? உலகம்மாளுக்குத் தனியாக உட்கார்ந்து சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அடுத்த நினைப்பு வந்தது. பிரமுவின் கடவுச்சொல் அவனிடம் இருக்கிறது என்றால் தன்னுடையதும் அவனிடம் இருக்கிறது. பிரமுவின் மெயிலுக்குள் தன் மெயில் முகவரியும் இருக்கிறது. போட்டோ எல்லாம் அந்த மெயில் கணக்கில்தான் போய்ச் சேருகிறது. சிரிப்பு நின்றது.

எஸ்தர் டீச்சர். மற்ற எல்லோரும் பிறகு. முதலில் எஸ்தர் டீச்சர். நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அந்தப் படம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. கணக்கு டீச்சர், மடிப்புக் கலையாத காட்டன் சேலை, முழங்கை வரைக்கும் ஜாக்கெட், தெருவில் நடந்தால் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். மார்பில் கட்டி வந்து, ஒரு பக்கம் முழுசாக எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு டீச்சர் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, அவர்கள் சர்ச்சுக்கும் கோயில் என்றுதான் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வார்களாம். ஒருநாள் போனில் கூப்பிட்டார்கள். "உலகு, எனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கணும். ஒரு பக்கம் எதாவது வச்சுத் தைக்க முடியுமா?" முடியும் டீச்சர், வாங்க, அளவெடுக்கிறேன் என்றால் வர மாட்டார்கள். வீட்டுக்கு வருகிறேன் என்றால், மருமகள் இருக்கிறாள், வேண்டாம் என்றார்கள். கடைசியில் படம் வந்தது. ஒரே ஒரு படம். துணி இல்லாமல், தழும்பு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், குளியலறை விளக்கு மஞ்சளாக, முகம் வேறு பக்கம் திரும்பி. கூடவே ஒரு வரி. "இதை வேற யாரும் பார்க்கமாட்டாங்கள்லா?" உலகம்மாள் அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டுத்தான் பதில் போட்டாள், நான் மட்டுந்தான் டீச்சர் என்று. பிறகு பஞ்சு வைத்து, அது கனமாக இருந்து இழுக்கிறது என்று எடுத்து, ஸ்பாஞ்சைச் செதுக்கி, அதற்குள் நூலில் கோத்த சின்னப் பாசிமணி வைத்து மற்றப் பக்கத்தின் கனத்துக்குச் சரியாக்கி, எத்தனை தடவை பிரித்துத் தைத்தாள் என்று கணக்கே இல்லை. டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ரிட்டையர் ஆகும் வரைக்கும் போனார்கள். நான் மட்டுந்தான் டீச்சர் என்று சொன்னாளே, அந்த வாக்கு இப்போது மடைகாத்தான் ஒன்று என்கிற பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்தை அன்றைக்கே அழித்திருக்கலாம். ஏன் அழிக்கவில்லை? அடுத்த ஜாக்கெட்டுக்கு வேண்டுமே என்றா? சோம்பலா? சும்மா கிடக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற குணமா? வெட்டுத்துணியைக்கூடத் தூக்கிப்போட மனசு வராமல் மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறவள்தானே அவள்.

அப்போதுதான் போன் மூன்றாம் முறை முனகியது. திரை முழுக்க வெள்ளை. யாரோ உங்கள் கணக்கில் உள்நுழைய முயற்சிக்கிறார்கள். கேள்விப்படாத ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு கம்ப்யூட்டர். கீழே பெரிதாக, இது நீங்கள்தானா? அதற்குக் கீழே ஆம், இல்லை. உலகம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தே விட்டான். சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டான், கதவு திறக்கிற நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ, இருங்கள், வீட்டுக்காரியைக் கேட்டுக்கொள்கிறேன் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இது நீங்கள்தானா? என்ன கேள்வி இது. இத்தனை வருஷத்தில் அவளை யாரும் இப்படி உட்கார வைத்து மரியாதையாகக் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. உலகம்மாள் என்று பேர் வைத்த போதும் கேட்கவில்லை. இலஞ்சிப் பக்கத்து மாமா ஒருவர் கடையைப் பார்த்துவிட்டு, இது சங்கரலிங்கம் பொண்டாட்டி கடை என்று அவள் முன்னாலேயே யாரிடமோ சொன்னபோதும் யாரும், அப்படித்தானா என்று கேட்கவில்லை. இப்போது ஒரு போன் கேட்கிறது. அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்; எது வந்தாலும் சரி சரி என்று அழுத்தித் தள்ளிவிடுகிற பழக்கம், நச்சரிக்கிற பிள்ளையிடம் போ போ என்பது மாதிரி. அவளே எத்தனை தடவை அப்படி அழுத்தியிருக்கிறாள். பழகிய விரல் மறுபடி ஆம் பக்கம் சாய்ந்தது, அவள் அதைக் கண்டுகொண்டாள், இந்தத் தடவை பயப்படவில்லை, செல்லமாக ஒரு அதட்டு அதட்டினாள். சும்மா இரு. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், சங்கரலிங்கம் படிக்கிற மாதிரியே. நான் இங்கே தென்காசியில் என் கடையில் உட்கார்ந்து ஹூக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான்தான் நான். அவன் நான் இல்லை. இல்லை என்பதை அழுத்தினாள், நன்றாக, பெருவிரல் ரேகை பதிகிற மாதிரி.

கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்றது போன். சரி, மாற்றுகிறேன் என்றாள் உலகம்மாள், வாய்விட்டே சொன்னாள். பழையதைக் கேட்டது, அடித்தாள். புதியது என்று வெறும் கட்டம் ஒன்று வந்து நின்றது. மடைகாத்தான் இல்லாத கட்டம். அங்கேதான் சிக்கிக்கொண்டாள். இந்த நேரத்துக்கு அவர் பஸ் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கும். மழை பெய்து வழுக்குகிற ரோடு. எந்த வளைவில் இருப்பார்? இவள் இங்கே சாமி பேரை எடுக்கிற அதே நொடியில் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? காலமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அழ வேண்டாமா? கட்டம் காலியாகவே கண்ணைச் சிமிட்டியது. விரல் மேலே நின்றது. பிறகு அவளுக்கு மடைகாத்தானே ஞாபகத்துக்கு வந்தான், கோயிலில் நிற்கிறபடி, கையில் தடியோடு, மீசையோடு. அவன் வேலை என்ன? மடையைக் காப்பது. திறக்க வேண்டிய நேரத்தில் திறப்பது, அடைக்க வேண்டிய நேரத்தில் அடைப்பது. மடையைத் திறந்து போட்டுவிட்டு மடைகாத்தான் துணை என்று கூவினால் அவனுக்குத்தான் கோபம் வரும், வந்து அந்தத் தடியாலேயே இரண்டு போடுவான். சாமிக்கு இடம் பூஜை அலமாரியில் இருக்கிறது, அங்கே சௌகரியமாக இருக்கட்டும். மனசு லேசானது. அடுத்தது, என்ன சொல்? நாலு வார்த்தை, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கக் கூடாது என்றார்கள் அந்தப் போலீஸ் அம்மா. பனங்கிழங்கு என்று நினைத்தாள், உடனே பிரமுவின் வளைகாப்பு வந்துவிட்டது, கூடை கூடையாகப் பனங்கிழங்கு. ஒட்டகம் என்று நினைத்தாள், துபாய்க்காரி வந்துவிட்டாள். பாதரசம்? எட்டாம் வகுப்பில் தெர்மாமீட்டர் உடைந்து தரையில் வெள்ளி மணிகளாக ஓடியதும், பிடிக்கப் பிடிக்க நழுவியதும், அடி வாங்கியதும். பெருங்காயம், தாயக்கட்டை, ரயில் கேட், எதைத் தொட்டாலும் அதன் பின்னால் யாராவது ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். உலகத்தில் சம்பந்தமில்லாத சொல் என்று ஒன்று கிடையவே கிடையாதோ? பிறந்த வீடு, புகுந்த வீடு, கடை, தெரு, எல்லாச் சொல்லும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவளுக்குச் சம்பந்தம் இருக்கலாம், அது இன்னொருவருக்குத் தெரியாததாக இருந்தால் போதும். அப்படி நாலு உண்டா, யாரிடமும் சொல்லாத நாலு? உண்டு. தேடிப் பார்த்தால் நிறையவே இருந்தது, அவளுக்கே ஆச்சரியமாகப் போயிற்று. ஒரு வாசனை, ஒரு ஊர்ப் பேர், சின்ன வயசில் அவளாகக் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு திட்டு வார்த்தை, இன்னொன்று. எவை என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவரிடமே அவள் சொல்லவில்லை. அடித்து முடித்ததும் வலுவானது என்று பச்சை எழுத்தில் வந்தது. உலகம்மாளுக்குப் பரீட்சையில் தேறிய மாதிரி ஒரு பூரிப்பு.

பூரிப்போடு நிறுத்தவில்லை. கையோடு கையாக, இந்தக் கணக்கில் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற பக்கத்தைத் தேடிப் போனாள். அந்தப் போலீஸ் அம்மா சொல்லித்தான் அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தாள். இந்தப் போன் ஒன்றுதான் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். வேறு யாரும் நுழையவில்லை. யாரும் பார்க்கவில்லை. நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்து, மடியில் கிடந்த பட்டு ஜாக்கெட்டே கொஞ்சம் அசைந்தது. வாட்ஸ்அப்புக்கு இரண்டாம் பூட்டு ஒன்று இருக்கிறது, அதையும் போட்டாள். ரயில் டிக்கெட், கரண்ட் பில், பேங்க், ஒவ்வொன்றிலிருந்தும் மடைகாத்தானை மரியாதையாக வழியனுப்பி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல். முகம் தெரியாத அந்த ஆளின் மேல்கூட அவளுக்கு இப்போது கோபம் அதிகம் இல்லை. மைனி என்று ஒரு வார்த்தை எழுதத் தெரியாமல் தோற்றுப்போனானே என்று ஏளனம்தான் வந்தது. எல்லாம் முடிந்த பிறகு எஸ்தர் டீச்சரின் படத்துக்குப் போனாள். திறக்கவில்லை. அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம். ஒன்றும் நடக்கவில்லை, எதற்காக அவர்களைக் கலவரப்படுத்த வேண்டும்? ஆனால் நான் மட்டுந்தான் டீச்சர் என்று சொன்னவள், இன்னொருவன் வாசல் வரை வந்தான் என்பதையும் சொல்ல வேண்டாமா? இது அவள் படம் இல்லையே, டீச்சரின் உடம்பு. மனசு இரண்டு பக்கமும் போய் வந்தது, பிறகு ஒரு பக்கத்தில் நின்றது. கூப்பிட்டாள்.

"சொல்லு உலகு," என்றார்கள் டீச்சர், வகுப்பில் கேட்கிற அதே குரல். உலகம்மாள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அண்ணி, ஆறு எண், சாமி பேர், வாசல் வரை வந்தவன், இல்லை என்று அழுத்தியது. சொல்லி முடித்து, "உங்க படத்தை நான் அப்பமே அழிச்சிருக்கணும் டீச்சர். வச்சிருந்தது என் தப்பு" என்றாள். "யாரும் பாக்கலைலா?" என்றார்கள் டீச்சர். "யாரும் பாக்கலை டீச்சர். நல்லாத் தேடிப் பாத்துட்டேன்." "நீ மட்டுந்தான் பாத்த." "நான் மட்டுந்தான்." "அழிச்சிரு," என்றார்கள். உலகம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து, அழித்து, குப்பைக்கூடைக்குள் போய் அங்கிருந்தும் அழித்து, "அழிச்சிட்டேன் டீச்சர்" என்றாள். போனை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "உலகு, கிறிஸ்மஸ் வருதுல்லா. எனக்கு ஒரு ஜாக்கெட் வேணும். பழசு அளவு இப்ப சரியா இருக்காது, மெலிஞ்சிட்டேன்." இனிமேல் படம் அனுப்பச் சொல்ல முடியாது, வாங்க என்று கூப்பிடவும் உலகம்மாளுக்கு வாய் வரவில்லை. டீச்சரே பேசினார்கள். "நாளைக்கு நேர்ல வாறேன். அளவெடு. கதவை மட்டும் நல்லாச் சாத்திக்கோ." "வாங்க டீச்சர்," என்றாள் உலகம்மாள், "வாங்க." போனை வைத்துவிட்டு எழுந்து போய் அளவெடுக்கிற மூலையைப் பார்த்தாள். அங்கே கதவு ஏது? பழைய சேலையைக் கிழித்துக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள்; இத்தனை வருஷமாக எத்தனை பெண்கள் அந்தத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சட்டை மாற்றியிருக்கிறார்கள். கம்பியோடு அதைக் கழற்றிக் கீழே போட்டாள். தெரு முனையில் இருக்கிற ஆசாரியைப் போனில் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, எனக்கு ஒரு கதவு வேணும். சின்னதுதான். உள்பக்கம் தாழ்ப்பாள் வச்சு." வர்ற வாரம் பார்ப்போம் என்றார் அவர். "அது ஆகாது அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள், "இன்னைக்கே மாட்டணும். நாளைக்கு எங்க டீச்சர் வாறாவ."